உப்புநீர்த் தொட்டிக்கு ஏ.டி.ஓ.: வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து என் அனுபவம்

ஏ.டி.ஓ. என்பது தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீரை, மட்டம் பார்த்து, ஒரு வாளியிலிருந்து சின்ன மோட்டாரால் தானாக நிரப்புகிற கருவி. எந்த ஏ.டி.ஓ. வாங்கலாம் என்று கேட்கிற எல்லாரும் ஒரு பிராண்ட் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: அது பழுதானால் மோட்டார் நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே இருக்குமா? வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் 200 லீட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் ரீச்சர் அக்கா ஒருவர் இருக்கிறார், மிக நல்லவர், ஆனால் அவருடைய வீட்டு சீலிங்கில் ஈரம் பட்டால் தொட்டி இந்தக் கட்டடத்தில் இருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்காக ஒன்று. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் போட வசதியில்லாத (கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) எங்களைப் போன்றவர்கள் தொட்டிக்கு மேலே விசிறி பூட்டுகிறோம், அந்த விசிறி இரண்டு மூன்று பாகை சூட்டைக் குறைப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். என் தொட்டியில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட நாலு லீட்டர் போகிறது. கணக்குப் போட்டால், 35 பிபிடி-யில் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு, ஒரு கிழமை யாரும் தண்ணீர் விடாவிட்டால் 40-ஐத் தாண்டிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நிற்கிறவர்களுக்கு ஏ.டி.ஓ. ஆடம்பரமில்லை.

மட்டம் பார்க்கிற வகைகளில் மிதவை சுவிட்ச் மலிவு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் தனியாகவும் கிடைக்கும். நல்ல சாமான்தான், ஆனால் அசைகிற பாகம் உள்ள எதுவும் உப்புத் தண்ணீரில் ஒருநாள் இறுகும். தெஹிவளையில் இருக்கிற மச்சான் ஒருவனுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. டர்போ நத்தை ஒன்று மிதவைக்கு மேல் ஏறிக் குந்திவிட்டது. மிதவை கீழே அமுங்கியதால் தண்ணீர் குறைவு என்று நினைத்து மோட்டார் வாளி காலியாகும் வரை ஓடியிருக்கிறது. வாளி 20 லீட்டர் என்பதால் தப்பினான். 200 லீட்டரில் 20 லீட்டர் உப்பில்லாத நல்ல தண்ணீர் கலந்தால் உப்பு 35-இலிருந்து 32 அளவுக்கு இறங்கும், பவளம் கொஞ்ச நாள் சுருங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். அதே மிதவையை ஆர்.ஓ. (தண்ணீர் வடிகட்டும் கருவி) பைப்பில் நேரே கொழுவி, பின்னால் முடிவில்லாத தண்ணீர் இருந்திருந்தால் கதை வேறு. அந்த நேரடி இணைப்பை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன், எவ்வளவு நல்ல வால்வு போட்டாலும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மலிவுப் பெட்டிகளில் 230 வோல்ட் மோட்டாரின் முழுக் கரண்டும் மிதவை சுவிட்சுக்குள்ளால்தான் போகிறது. உள்ளே இருப்பது மெல்லிய ரீட் தகடுகள், ஒவ்வொரு முறையும் வருகிற பொறியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மிதவை மேலே வந்தாலும் மோட்டார் நிற்காது. 12 வோல்ட் மோட்டார், அதன் கரண்டை மிதவைக்குப் பதிலாகத் தாங்க நடுவில் ரிலே, வீட்டில் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச், இவ்வளவும் வேண்டும். உப்புத் தண்ணீருக்குள் கைவிடுகிற வேலை இது, இதில் காசு பார்க்கக் கூடாது.

ஒளி சென்சரில் அசைகிற பாகம் இல்லை. கண்ணாடிப் பட்டகம் போன்ற முனைக்குள் அகச்சிவப்பு ஒளி போகிறது, முனை காற்றில் இருந்தால் அது உள்ளேயே திரும்பி வரும், தண்ணீரில் இருந்தால் வெளியே போய்விடும். அதில் எனக்குப் பிடித்தது, முனையில் பாசியோ அழுக்கோ படிந்தால் பெரும்பாலும் தண்ணீர் இருக்கிறது என்றே காட்டும், அதாவது மோட்டார் ஓடாது. உப்பு ஏறுவதை அளந்து பிடிக்கலாம், தரையில் வெள்ளத்தை அப்படிப் பிடிக்க முடியாது. ஆனால் சின்னக் குமிழிகள் நிறைய வருகிற இடத்தில் வைத்தால் குழம்பும், ஸ்கிம்மர் (குமிழியால் அழுக்கெடுக்கிற கருவி) பக்கத்தில் வேண்டாம். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கிற துணைத் தொட்டி), தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் மோட்டார் இருக்கிற அறையில்தான் மட்டம் இறங்கும், சென்சரின் இடம் அதுதான்.

நான் பாவிப்பது டுன்ஸே ஒஸ்மொலேட்டர் 3155. விலை வலிக்கும். ஆனால் அதில் ஒளி சென்சர் தவறினால் தடுக்க மேலே தனி மிதவை இருக்கிறது, மோட்டார் தொடர்ந்து பத்து நிமிடம் ஓடினால் தானாக நிறுத்திச் சத்தம் போடும். ஒரே மாதிரி இரண்டு சென்சர் இருப்பதைவிட, இரண்டு வகையாக இருப்பது மேல், ஏனென்றால் ஒன்றைக் கெடுக்கிற காரணம் மற்றதைக் கெடுக்காது. வேறு எந்தக் கம்பனியுடையதை வாங்கினாலும் பரவாயில்லை, ஒளி சென்சர், தனி மிதவை, நேரம் பார்த்து நிறுத்துவது, இந்த மூன்றும் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் வாரண்டியைப் பற்றியே கதைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லி நீங்களே பாருங்கள்.

அப்புறம், மெஷின் சரியாக நின்றும் வெள்ளம் வந்த கதை ஒன்று கொட்டாஞ்சேனையில். அந்த அண்ணை வாளியை ஸ்டூலுக்கு மேல் வைத்திருந்தார், சம்ப் கீழே. மோட்டார் நின்றது, ஆனால் பைப் நிறையத் தண்ணீர் இருந்ததால் சைஃபன் பிடித்து வாளித் தண்ணீர் தானாகவே சம்ப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எந்த சென்சரும் இதைத் தடுக்காது. வாளி கீழேயே இருக்கட்டும், பைப் முனை சம்ப் தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்கட்டும். முனை தண்ணீருக்குள் இருந்தால் மறுபக்கமாக உப்புத் தண்ணீர் வாளிக்குள் வந்துவிடும். வாளியை உயரத்தில்தான் வைக்க முடியும் என்றால், பைப்பின் உச்சி வாளித் தண்ணீரைவிட மேலே நிற்க வேண்டும், அந்த உச்சியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டையும் வேண்டும்.

கரண்ட் போய் வருவதையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள்தானே நாங்கள். கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். திரும்ப வந்ததும் ரிட்டர்ன் மோட்டார் அதை மேலே ஏற்றும், அந்த நேரம் சம்ப் மட்டம் கொஞ்சம் தாழ்வாக இருப்பதால் ஏ.டி.ஓ. அவசரப்பட்டுத் தண்ணீர் விடும். ஒருதரம் என்றால் பரவாயில்லை, விட்டுவிட்டுப் போய்வந்தால் அது கூடிக்கொண்டே போகும். கரண்ட் வந்து சில நிமிடம் கழித்து ஏ.டி.ஓ. ஓன் ஆகும்படி ஒரு டிலே டைமர் போட்டால் சரி. வாங்கிய அன்றே இதையும் செய்து பாருங்கள்: வாளித் தண்ணீர் அளவு முழுவதையும் சம்ப்பில் ஊற்றி, ரிட்டர்னை நிறுத்துங்கள். சம்ப் வழிந்தால் வாளி பெரிது. சோதனைக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றுங்கள், பிறகு அள்ளிவிடலாம்.

வாளிக்கு மூடி கட்டாயம். தேங்கிய சுத்தமான தண்ணீர், கொழும்பு, டெங்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது இது பவளத்துக்கான ஆர்.ஓ. தண்ணீர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பைப் போகிற ஓட்டையைச் சுற்றி நுளம்பு வலைத் துண்டு வைத்து அடைத்திருக்கிறேன்.

அழுத்தத்தை வைத்து மட்டம் அளக்கிற சென்சர் பாவித்த யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அதை மட்டும் நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. முக்கியமாக, அது பழுதானபோது எந்தப் பக்கம் போனது என்று சொல்லுங்கள்.