ஓஸ்லோவில் கார் இல்லாமல் காடு, மலை, காளான்: எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடி:
நானும் மனைவியும் வேலைக்காக ஓஸ்லோ வந்திருக்கிறோம். இப்போதைக்கு கார் வாங்கும் எண்ணம் இல்லை. வார இறுதியில் காட்டில் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. இங்கே யாருடைய நிலத்திலும் நடக்கலாம், தங்கலாம் என்கிறார்கள். எந்த அளவுக்கு உண்மை? அலுவலகத்தில் பலரும் காளான் பறிக்கப் போகிறார்கள். அதற்கு அனுமதி ஏதும் வேண்டுமா?

வடக்குவாசல்:
உண்மைதான், ஆனால் எல்லை உண்டு. 1957-ல் வந்த சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காடு, மலை, சதுப்பு, கரையோரப் பாறை எல்லாம் 'உட்மார்க்'. அங்கே யாருக்குச் சொந்தமானாலும் நடக்கலாம், தங்கலாம். வீட்டு முற்றம், வயல், புல் வளர்க்கும் நிலம் எல்லாம் 'இன்மார்க்'. அங்கே கூடாரம் கூடாது. வயலைக் குறுக்கே கடப்பதுகூட குளிர்காலத்தில், தரை உறைந்தோ பனி மூடியோ இருந்தால் மட்டும்தான்.

கூடாரம், ஆள் தங்கும் வீட்டிலிருந்தும் கேபினிலிருந்தும் 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும்; உயர்மலையிலும் ஊரைவிட்டு வெகுதூரத்திலும் இந்த இரண்டு இரவுக் கணக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டத் தடை. மழைக்குப் பிறகு, நீர்க்கரைப் பாறையில், தீ பரவவே வழியில்லாத இடத்தில் விதிவிலக்கு உண்டு. ஆனாலும் பாறைமேல் நேராக மூட்டாதீர்கள். சூட்டில் பாறை வெடித்து, அந்த வடு என்றைக்கும் மாறாது. வறண்ட கோடையில் நகராட்சி முழுத் தடை அறிவித்தால் கேஸ் அடுப்பும் அதில் சேரலாம், அறிவிப்பைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கார் இல்லாதது குறையே இல்லை. மெட்ரோ 1-ம் லைனில் கடைசி நிறுத்தம் ஃப்ரொங்னர்சேத்தரன், இறங்கினாலே காடு. அங்கிருந்து உல்லவோல்சேத்தர் வழியாக சொங்ன்ஸ்வான் ஏரிக்கு இறங்கினால் ஒரு பகல் நடை, திரும்ப மெட்ரோ கிடைக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: ஓஸ்லோவைச் சுற்றிய காடுகளில் நீலக் குறிதான் கோடைப் பாதை. சிவப்புக் குறி பனிச்சறுக்குத் தடம்; அது உறைந்த சதுப்பின் மேலும் ஏரியின் மேலும் போகும், கோடையில் அதைப் பிடித்து நடந்தால் முழங்கால் அளவு சேற்றில் நிற்பீர்கள். உயர்மலையில் நேர்மாறு. அங்கே கற்குவியலில் தீட்டிய சிவப்பு 'டி' எழுத்துதான் நடைபாதை. சொங்ன்ஸ்வானில் நீந்தலாம், மாரிடால்ஸ்வான் ஏரி நகரத்தின் குடிநீர், அதில் கால்கூட நனைக்காதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் 'கம்ஃபர்ட்' வெப்பநிலையைப் பாருங்கள், 'லிமிட்' எண்ணை அல்ல. கோடைக்குக்கூட 0 டிகிரி கம்ஃபர்ட் நல்லது. பல நேரம் குளிர் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்துதான். பாய்க்கும் செலவழியுங்கள்.

யாழ்தேவி:
காளானுக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் ஒண்டு வடிவாக் கேளுங்கோ: ஊரிலை மழைக்குப் பிறகு பார்த்த வெள்ளைக் காளான் மாதிரி இஞ்சை ஏதும் கண்டால் தொடவே வேண்டாம். 'வீத் ஃப்ளூயசொப்' எண்ட நஞ்சுக் காளான் முழு வெள்ளை, தண்டிலை வளையம், அடியிலை மண்ணுக்குள்ளை பை மாதிரி உறை. மேலாலை வெட்டி எடுத்தால் அந்த உறை மண்ணிலையே நிண்டுடும், அடையாளமும் போய்டும். சாப்பிட்டு அரை நாள் கழிச்சுத்தான் வாந்தியும் வயித்துப்போக்கும் வரும். பிறகு சுகமானமாதிரி இருக்கும். அந்த நேரத்திலைதான் ஈரல் பழுதாகும். அவிச்சாலும் பொரிச்சாலும் நஞ்சு போகாது.

முதல் வருசம் 'கந்தரெல்' மட்டும் எடுங்கோ. முட்டை மஞ்சள் நிறம், பிச்சால் உள்ளே வெள்ளை, தொப்பிக்குக் கீழை செவுள் (மெல்லிய தகடு) இல்லாமல் தண்டு வரை ஓடுற மடிப்பு. அடுத்தது 'ட்ராக்ட்கந்தரெல்'. இதுக்குத்தான் ஆபத்தான கூட்டாளி இருக்கு: அதே பாசியிலை, அதே ஊசியிலை மரத்தடியிலை 'ஸ்பிஸ் யிஃப்ட்ஸ்லோர்சொப்' எண்ட நஞ்சுக் காளானும் முளைக்கும். ட்ராக்ட்கந்தரெல் தண்டு உள்ளே குழாய் மாதிரி வெறுமை; மற்றதின்ரை தண்டு உள்ளே நிறைஞ்சிருக்கும், தொப்பிக்குக் கீழை துருநிறச் செவுள். அது சிறுநீரகத்தை அழிக்கும், அறிகுறி தெரிய பல நாள் ஆகலாம். கைநிறைய அள்ளாமல் ஒவ்வொண்டாகப் பார்த்துப் பிடுங்குங்கோ.

கூடையிலை வகை வகையாகப் பிரிச்சு, அடித்தண்டோடை கொண்டுபோங்கோ. காளான் சங்கத்தாரின்ரை சோதனை நிலையங்கள் இலையுதிர்காலத்திலை இயங்கும், காசில்லை. போட்டோ அனுப்பிச் சோதிக்கிற வழியும் உண்டு. சந்தேகத்தோடை சாப்பிட்டிருந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் நஞ்சுத் தகவல் மையத்துக்கு 22 59 13 00 எண்டு எடுங்கோ, எந்த நேரமும் ஆள் இருக்கும்.

புதுக்குடி:
இருவருக்கும் நன்றி. குளிர்காலத்தில் கூடாரத்துக்குப் பதில் மலைக் கேபின்கள் எப்படி? வேறு என்ன வாங்க வேண்டும்?

பனித்தடம்:
1868-ல் தொடங்கிய டிஎன்டி என்ற நார்வே மலைநடைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். 500-க்கு மேல் கேபின்கள் இருக்கின்றன. மூன்று வகை: சமைத்துத் தருபவை, அலமாரியில் டப்பா உணவு வைத்திருப்பவை, விறகும் கேஸும் மட்டும் உள்ளவை. பின்னிரண்டில் பலவற்றுக்கும் ஒரே சாவி போதும். உறுப்பினருக்கு முன்பணம் கட்டினால் கிடைக்கும். தலையணை, போர்வை அங்கேயே இருக்கும். படுக்கை உறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கிளம்பும்போது விறகு வெட்டி உள்ளே வைத்து, தரை துடைத்து, சாம்பலை வெளியே உள்ள தகர வாளியில் கொட்ட வேண்டும். அடுத்து வருபவர் புயலில் நனைந்து வரலாம், அதனால் விறகு விஷயத்தில் சோம்பல் கூடாது.

உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பைக் குளிரவைக்கும். ஏறும்போது மேலாடையைக் கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். 30 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள, பனி மூடிய மலைச்சரிவில் பனி மொத்தமாகச் சரிந்து விழலாம். வார்சொம் என்ற எச்சரிக்கை இணையதளத்தில் இதற்கு 1 முதல் 5 வரை அபாய எண் போடுவார்கள். சரிவின் அடியில் நடப்பவரும் அதைப் பார்க்க வேண்டும், மேலிருந்து வருவது அவர்மேல்தான் விழும்.

ஊருக்குள் நடக்கவும் ரிஃப்ளெக்டர் மாட்டுங்கள். டிசம்பரில் பகல் ஆறு மணிநேரம்தான். டிம் விளக்கில் வரும் ஓட்டுநருக்கு அது இல்லாதவர் 25–30 மீட்டரில்தான் தெரிவார், இருந்தால் 140 மீட்டரிலேயே தெரிவார். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்குள்ள வெயிலில் வைட்டமின் டி உருவாகாது, நம் நிறத்துக்குக் கோடையிலும் மெதுவாகத்தான் உருவாகும். நாளுக்கு 10 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு டீஸ்பூன் மீன் ஈரல் எண்ணெயில், அதாவது 5 மில்லியில், அது கிடைக்கும். மீன் சாப்பிடாதவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை கேளுங்கள்.