விலகல் முறையை விட்டு லீக்குக்கு வரும் வன்னிக் கழகங்களுக்கு

மல்லாவி, கழகச் செயலாளர்:

எங்கள் பக்கத்தில் எட்டு உதைபந்தாட்டக் கழகங்கள் சேர்ந்து, வரும் பருவத்தில் தோற்ற அணி வெளியேறும் விலகல் முறையை விட்டுவிட்டு, எல்லா அணியும் ஒன்றோடொன்று மோதும் லீக் நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கின்றன. இதுவரை இங்கே நடந்தவை பெரும்பாலும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள். எட்டு அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே நான்கு அணிகளுக்கு ஆட்டம் முடிந்துவிடும். வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்த பொடியனுக்கு எழுபது நிமிட ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். எதை முதலே எழுதிவைக்க வேண்டும், எங்கே சிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, நீங்கள் சொல்லும் இதே குறைதான் 1888இல் இங்கிலாந்தில் லீக்கையே பிறப்பித்தது. அங்கேயும் முதலில் இருந்தது கிண்ணப் போட்டிதான். அதிலிருந்து வெளியேறிய கழகம் மிச்சச் சனிக்கிழமைகளைச் சிநேகபூர்வ ஆட்டங்களால் நிரப்பப் பார்க்கும். எதிரணி கடைசி நேரத்தில் வராது. சனம் வந்து திரும்பிப் போகும். 1885இலிருந்து வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டிருந்ததால், ஆட்டம் இல்லாத சனிக்கிழமை ஒவ்வொன்றும் நட்டம். அஸ்டன் வில்லாவின் வில்லியம் மக்கிரெகர் 1888 மார்ச் 2ஆம் திகதி சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு கழகங்கள், ஒவ்வொருவரோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று, ஆளுக்கு 22 ஆட்டங்கள். செப்டெம்பர் 8ஆம் திகதி பந்து உருண்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆட்டங்கள் தொடங்கியபோது புள்ளி முறையே முடிவாகியிருக்கவில்லை. வெற்றியை மட்டும் எண்ணுவோம், சமநிலைக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. நவம்பர் பிற்பகுதியில்தான் வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என்று தீர்மானித்தார்கள். அந்த முதல் பருவத்தில் பிறெஸ்டன் நோர்த் எண்ட் 18 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை என்று 40 புள்ளி எடுத்தது. இரண்டாவதாக வந்த அஸ்டன் வில்லாவுக்கு 29. இவ்வளவு இடைவெளி இருந்தபடியால் பிரச்சினை வரவில்லை. உங்கள் லீக்கில் அப்படி ஓர் அணி தனியே முன்னால் போய்விடும் என்று நம்பி இருக்க முடியாது. பந்தை உதைக்க முதல் எட்டுச் செயலாளர்களும் கையெழுத்திட்ட விதித்தாள் இருக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலும் கிண்ணம்தான் மூத்தது. எஃப்.ஏ. கிண்ணம் 1948இல் தொடங்கியது. தேசிய முதற்தர லீக் 1985இல்தான் வந்தது. 2021இல் நடந்த சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின, களுத்துறை புளூ ஸ்டார் சம்பியனானது. அந்தப் பத்தில் வடக்கைச் சேர்ந்த கழகம் ஒன்றும் இல்லை. கிராமத்தில் லீக் ஆடிப் பழகாமல் மேலே போய் நிற்க முடியாது என்பதால்தான் உங்கள் முயற்சியை இவ்வளவு மதிக்கிறேன்.

கிளிநொச்சி, போட்டி அட்டவணை போடுபவர்:

அட்டவணையைச் சீட்டுக் குலுக்கிப் போட வெளிக்கிடாதேங்கோ. ஐந்தாவது சுற்றிலே ஒரே சோடி இரண்டு தரம் வரும், இன்னொரு சோடி வரவே வராது. வட்ட முறைதான் சரி.

எட்டு சோடா மூடியில் 1 முதல் 8 வரை எழுதுங்கோ. மேல் வரிசையில் 1, 2, 3, 4. கீழ் வரிசையில் அவற்றுக்கு நேரே 8, 7, 6, 5. மேலும் கீழும் நேரே நிற்பவை மோதும்: 1–8, 2–7, 3–6, 4–5. அதுதான் முதல் சுற்று. அடுத்த சுற்றுக்கு 1ஐத் தொடாமல், மற்ற ஏழையும் மணிக்கூடு சுற்றும் பக்கமாக ஓரிடம் நகர்த்துங்கோ. இப்ப 1–7, 8–6, 2–5, 3–4 வரும். இப்படி ஏழு சுற்றில் 28 ஆட்டங்களும் முடியும், ஒரு சோடியும் இரட்டிக்காது. அணிகள் ஏழென்றால் எட்டாவது மூடியில் 'ஓய்வு' என்று எழுதினால் போதும், அதோடு சேருகிற அணிக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை. எந்தக் கழகத்துக்கு எந்த இலக்கம் என்பதை மட்டும் எல்லாருக்கும் முன்னாலே குலுக்கி எடுங்கோ.

நேரக் கணக்கு: இங்கே ஆறு மணி தாண்டினால் பந்து தெரியாது. பாதிக்கு 45 நிமிடம், இடைவேளை 15 என்றால் ஒரு மைதானத்தில் மாலையில் ஓர் ஆட்டம்தான். 35 நிமிடப் பாதி, 10 நிமிட இடைவேளை என்றால் 80 நிமிடம். 3 மணிக்கு ஒன்று, 4.35க்கு இன்னொன்று, 5.55க்கு முடியும். பாதி நேரத்தைக் குறைப்பதென்றால் பருவம் தொடங்க முதலே எழுதவேணும், அன்றன்று மைதானத்தில் கதைச்சு முடிவெடுக்கக் கூடாது.

மாங்குளம், புள்ளிப்பட்டியல் பொறுப்பாளர்:

புள்ளிகள் சமனானால் யார் முன்னுக்கு? சண்டை வருவது இந்த ஒற்றைக் கேள்வியில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1976 வரை கோல் சராசரி இருந்தது: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. 1923–24 பருவத்தில் ஹடர்ஸ்பீல்டும் கார்டிஃபும் 57 புள்ளியில் நின்றன. ஹடர்ஸ்பீல்ட் அடித்தது 60, வாங்கியது 33. கார்டிஃப் அடித்தது 61, வாங்கியது 34. வகுத்தால் 1.818க்கு எதிராக 1.794. கிண்ணம் ஹடர்ஸ்பீல்டுக்கு. கழித்துக் கோல் வித்தியாசம் பாருங்கள், இரண்டுக்கும் +27தான். இன்றைய விதிப்படி கூடுதலாக ஒரு கோல் அடித்த கார்டிஃப் சம்பியன். கடைசி நாளில் அவர்கள் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார்கள்.

இதற்கு நேரெதிர் 1989 மே 26. சம்பியனாக வேண்டுமென்றால் ஆர்சனல், லிவர்பூலை அதன் அன்பீல்ட் மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். இறுதி நிமிடத்தில் மைக்கல் தோமஸ் இரண்டாவது கோலைப் போட்டார். இரண்டு அணிக்கும் 76 புள்ளி, இரண்டுக்கும் +37. ஆர்சனல் 73 கோல், லிவர்பூல் 65. ஆர்சனல் சம்பியன். பழைய வகுத்தல் கணக்கு இருந்திருந்தால் லிவர்பூலுக்கு 2.32, ஆர்சனலுக்கு 2.03. ஒரே ஆட்டங்கள், ஒரே கோல்கள். விதி மாறினால் சம்பியன் மாறுகிறார்.

கோல் சராசரியில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கோலும் வாங்காத அணிக்குப் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வரும். ஏழு ஆட்ட லீக்கில் அது நடக்கக்கூடியதுதான். ஆகவே அதை விடுங்கள்.

ஸ்பெயினில் முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணியும் தமக்குள் ஆடிய முடிவை. 2006–07இல் ரியல் மட்றிட்டும் பார்சிலோனாவும் 76 புள்ளியில் முடிந்தன. கோல் வித்தியாசத்தில் பார்சிலோனா எவ்வளவோ மேலே. ஆனாலும் நேரடி ஆட்டங்களில் 2–0, 3–3 என்று முன்னின்ற ரியலுக்குத்தான் கிண்ணம்.

வன்னிக்கு நான் சொல்வது ஸ்பெயின் வழி. நம் லீக்குகளில் அணிகளின் தரம் சமமாக இராது. ஆள் குறைந்து வந்த அணிக்கு எதிராக யாரோ ஒன்பது கோல் அடித்தால் அது பட்டியலையே கவிழ்த்துவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: புள்ளி, நேரடி ஆட்டம், கோல் வித்தியாசம், அடித்த கோல், அதுவும் சமன் என்றால் ஒரு தீர்மான ஆட்டம். மூன்று அணிகள் சமனானால் அந்த மூன்றின் ஆட்டங்களை மட்டும் வைத்துச் சின்னப் பட்டியல் போட வேண்டும்; இதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான சோடியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வெற்றிக்கு 3 புள்ளி. இங்கிலாந்து, முன்னாள் வீரர் ஜிம்மி ஹில்லின் யோசனைப்படி 1981இல் மாறியது. விலகல் முறையில் பெனால்டி வரை இழுத்துப் பழகிய அணிகளை முன்னேறி ஆட வைக்க இது உதவும்.

முல்லைத்தீவு, நடுவர்:

மாங்குளத்து அண்ணையின் வரிசையை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வராத அணிக்கு எதிராக 3–0 என்று பதிவதுதான் வழக்கம். அந்த மூன்று கோலையும் கோல் வித்தியாசத்தில் சேர்ப்பதா இல்லையா என்பதைச் சொல்லி வையுங்கள். காத்திருக்கும் நேரம் 15 நிமிடம், நடுவரின் மணிக்கூடுதான் கணக்கு. அணியை ஏற்றி வந்த லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பழுது என்று சொன்னாலும் அதே 15 நிமிடம். ஆட்ட விதியின்படி ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ முடியாது.

நடுவில் விலகும் கழகம் இதைவிடப் பெரிய தலையிடி. முதல் மூன்று ஆட்டத்தில் தோற்ற அணி நான்காவது வாரம் வராது. அதனிடம் ஏற்கெனவே வென்றவர்களுக்கு 3 புள்ளி இருக்கும், இனி ஆட இருந்தவர்களுக்கு இல்லை. அக்றிங்டன் ஸ்ரான்லி 1962 மார்ச்சில் 33 ஆட்டங்களுக்குப் பிறகு இங்கிலாந்து லீக்கிலிருந்து விலகியபோது அதன் எல்லா முடிவுகளையும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதுதான் நீதி. அதோடு பதிவுக் கட்டணத்துக்கு மேலாக ஒரு வைப்புப் பணம் வாங்குங்கள். ஏழு ஆட்டமும் ஆடி முடித்த கழகத்துக்கு முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். பட்டியலில் கடைசியில் நிற்கும் அணியையும் மைதானத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பணம்தான்.

கடைசிச் சுற்று நான்கு ஆட்டமும் ஒரே நாள், ஒரே நேரம், நான்கு மைதானங்களில். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1898இல் இங்கிலாந்து லீக்கில் தரம் இறங்குவதைத் தீர்மானிக்கும் சோதனை ஆட்டங்களின் முடிவில் ஸ்ரோக்குக்கும் பேர்ன்லிக்கும் சமநிலை போதுமாக இருந்தது. இரு பக்கமும் கோலுக்கு அடிக்காமலே 0–0 என்று முடித்தார்கள். அந்தச் சோதனை ஆட்ட முறையே அத்தோடு கைவிடப்பட்டது. 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா முதல் நாளே தன் ஆட்டத்தை முடித்திருந்ததால் மேற்கு ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் தாம் இருவரும் முன்னேற எந்த முடிவு போதும் என்று தெரிந்திருந்தது. அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்துக்கு மாறின. நம் ஊரில் இரண்டு கழகத்திலும் மச்சான் மச்சினன்மார் ஆடுவார்கள். சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் விடுவது அவர்களுக்கும் நல்லது.

மல்லாவி, கழகச் செயலாளர்:

நன்றி ஐயா, அண்ணைமார். நான்கு மைதானத்துக்கு நான்கு நடுவர் கிடைப்பது கஷ்டம். வெளி ஆட்களை இறக்குவதையும் எப்படித் தடுப்பது?

முல்லைத்தீவு, நடுவர்:

நடுவர் தட்டுப்பாடு என்றால் கிண்ணத்தையும் கடைசி இடத்தையும் தீர்மானிக்கும் ஆட்டங்களையாவது ஒரே நேரத்தில் வையுங்கள். மற்றவற்றை முதல் நாள் முடிக்கலாம்.

வீரர் பதிவுக்கு: கழகத்துக்கு 20 பேர், படம், அடையாள அட்டைப் பிரதி, ஒருவருக்கு ஒரு கழகம். எல்லாக் கழகத்தின் பட்டியலும் மற்ற ஏழு கழகத்துக்கும் போக வேண்டும். செயலாளரின் பெட்டிக்குள் கிடக்கும் பட்டியல் எவரையும் தடுக்காது. மூன்றாம் சுற்றோடு பதிவை மூடுங்கள். இறுதியாட்டத்துக்கு மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஆள் கொண்டுவரும் பழக்கம் கிண்ணப் போட்டியில் வந்தது. லீக்கில் அது ஆறு வாரம் உழைத்த அணியின் பலனைப் பறிக்கும். பதியாதவர் ஆடினால் அந்த ஆட்டம் 3–0 தோல்வி. முறைப்பாடு 48 மணி நேரத்துக்குள் எழுத்தில்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

ஒன்று விட்டுப்போனது. லீக் பாதியில் நின்றால்? 1939இல் போர் தொடங்கியபோது மூன்று ஆட்டங்களோடு இங்கிலாந்துப் பருவத்தை அப்படியே ரத்துச் செய்தார்கள். 2020இல் தொற்றுநோயால் நின்றபோது பிரான்ஸ் ஆட்டத்துக்கான புள்ளிச் சராசரியை வைத்துச் சம்பியனை அறிவித்தது. நெதர்லாந்து சம்பியனே இல்லை என்று விட்டது. இரண்டுமே நியாயம்தான், முதலே சொல்லியிருந்தால். ஏழில் ஐந்து சுற்று முடிந்திருந்தால் சராசரி, குறைந்தால் ரத்து என்று எழுதலாம். மழையால் நின்ற தனி ஆட்டத்தை 0–0இலிருந்து முழுதாகத் திரும்ப ஆடுங்கள்.

கிளிநொச்சி, போட்டி அட்டவணை போடுபவர்:

மழைக் கதை வந்தபடியால் மாதக் கணக்கையும் சொல்லி விடுறன். ஐப்பசி முதல் மார்கழி வரை மைதானத்தில் வெள்ளம், யோசிக்கவே வேண்டாம். மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டு, பாதிப் பேர் வயலில் நிற்பார்கள். பங்குனிக் கடைசியில் தொடங்கி, சித்திரைப் புத்தாண்டு வாரத்தை வெறுமையாக விட்டால் எட்டு வார இறுதி வேணும். அப்ப முடிவு வைகாசி நடுவுக்குப் போகும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அதற்குக் கிட்ட வரும். அந்தப் பொங்கல் வருகிற திங்கட்கிழமைக்கு முந்தின சனி, ஞாயிறு ஆளும் வராது, வாகனமும் கிடைக்காது. கோயிலில் திகதியைக் கேட்டுப்போட்டு அட்டவணையை அச்சடியுங்கோ. வவுனிக்குளத்துத் தண்ணியில் சிறுபோகம் செய்கிற கழகங்களிடம் விதைப்பு வாரத்தையும் கேளுங்கோ. மழையால் தள்ளிப்போகும் ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வார இறுதியைக் கடைசிச் சுற்றுக்கு முன்னாலே ஒதுக்கி வையுங்கோ.