அறக்கட்டளைக்கு நிறம் முடிவாகவில்லை: சிவப்பா, பச்சையா?

தஞ்சைத் தன்னார்வலர்:
வணக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் சிறு குழு எங்களுடையது. இப்போதுதான் அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். லோகோவுக்கு வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்டால்தான் மருத்துவ உதவி என்று தெரியும் என்கிறார்கள் பாதிப் பேர். எனக்கு இளம்பச்சை பிடித்திருக்கிறது. ஆனால் செல்பேசியில் பளிச்சென்று இருந்த பச்சை, நோட்டீஸில் மங்கிப்போய் வந்தது. என்ன செய்யலாம்?

வரைகலைக்காரர்:
முதலில் சிலுவையை விட்டுவிடுங்கள். அது பொதுவான மருத்துவக் குறி அல்ல, போர்க்காலத்தில் காயம்பட்டவர்களைக் காப்பதற்கான ஜெனீவா உடன்படிக்கைகள் என்ற சர்வதேச ஒப்பந்தங்கள் காக்கும் சின்னம். இந்தியாவில் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி அனுமதியில்லாமல் போடக் கூடாது.

அப்புறம், நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் வளம் என்ற பட்டியல்களை ஓரமாக வையுங்கள். நீங்கள் வாசலில் நிற்கும்போது அந்த வீட்டார் என்ன நினைக்க வேண்டும்?

தஞ்சைத் தன்னார்வலர்:
நம்ம வீட்டு ஆள் வந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஞாபகம் வரவே கூடாது. பலருக்கு அதுதான் பயம்.

வரைகலைக்காரர்:
அப்படியென்றால் இளம்பச்சையும் சரிவராது, ஆபரேஷன் தியேட்டர் உடுப்பின் நிறம் அது. வீட்டுக் கூரையில் போடும் நாட்டு ஓட்டின் செம்பழுப்பை எடுத்து, சந்தன வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். காவிப் பக்கம் சாயாமல் பழுப்பைக் கூட்டுங்கள். கருப்பும் சிவப்பும் அருகருகே வந்தாலும் கட்சிக்கொடி ஆகிவிடும். வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அச்சகக்காரர்:
பச்சை மங்கியதற்குக் காரணம்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, நாங்கள் நான்கு மைகளைக் கலந்து அடிக்கிறோம். திரையில் தெரியும் பளிச் பச்சையை அந்த மைகளால் எட்ட முடியாது. வடிவமைப்புக் கோப்பை ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) தராமல் சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான அந்த நான்கு மைக் கலவை) கொடுங்கள், அதே தாளில் மாதிரி ஒன்று அடித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் சொல்லுங்கள். துணிப்பைக்கும் ஒரே நிறம் போதும், செலவு குறையும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1க்குக் குறையக் கூடாது. வாசிக்கப்போகிறவர்கள் வயதானவர்கள்.

தஞ்சைத் தன்னார்வலர்:
இன்று இரண்டு மாதிரியையும் ஒரு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓட்டு நிறத் தாளில் இருந்த தொலைபேசி எண்ணைப் பெரியவர் படுத்தபடியே வாசித்துவிட்டார். பச்சைத் தாளை மகளிடம் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையும் அந்தச் சட்டத்தையும் சொல்லப்போகிறேன். இருவருக்கும் நன்றி.