மறுமொழி: டிஃப் ரேஷியோவுக்குத் தமிழ் – ‘அச்சு மடங்கு’

குழுவினருக்கு வணக்கம். டிஃப் ரேஷியோ என்பது, சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பெட்டியிலிருந்து அச்சின் நடுவிலுள்ள டிஃப் என்ற பற்சக்கரப் பெட்டிக்கு வரும் நீள்தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு. அதை ‘அச்சு விகிதம்’ என்று எழுதுவது பற்றிய கேள்வி இது:

> பெட்ரோல் வண்டிக்கு உயர் அச்சு விகிதமும் டீசல் வண்டிக்குத் தாழ் அச்சு விகிதமும் ஏற்றவை என்று எழுதலாமா?

ஐயா, தாங்கள் எழுதியது எண்ணளவில் சரியே. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஓட்டும் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினால், அவர் நேர்மாறாகவே புரிந்துகொள்வார். ‘உயர்’ என்றதும் வேகமாக ஓடும் கியர்தான் அவர் நினைவுக்கு வரும்; 4.56 போன்ற பெரிய எண்ணுள்ள அச்சோ வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. ‘விகிதம்’ என்ற சொல்லுக்கு எது மேல், எது கீழ் என்ற திசை இல்லாததே இக்குழப்பத்துக்குக் காரணம். ஆகவே ‘அச்சு மடங்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். மடங்கு கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். இதில் இருபொருளுக்கு இடமில்லை.

இந்த மடங்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, நீள்தண்டில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டுவிட்டு, இரு சக்கரங்களையும் ஒருசேர ஒரு முழுச் சுற்று சுற்றினால், அந்தக் கோடு நான்கு முறை சுற்றி வந்து ஐந்தாவதில் சற்றே நகர்ந்து நிற்கும். அச்சு மடங்கு 4.10 என்றால் இதுதான் பொருள். பற்களை எண்ணினாலும் இதே கணக்குதான்: டிஃபுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரத்தில் 41 பற்களும், நீள்தண்டோடு சுழலும் சிறியதில் 9 பற்களும் இருந்தால் 4.56, 43க்கு 11 என்றால் 3.91.

இனி டீசலும் பெட்ரோலும் வேறுபடும் இடத்துக்கு வருவோம். நம் ஊர் புரோஸ்பெக்டன் ஆலையிலிருந்து வரும் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியையே எடுத்துக்கொள்ளலாம். 2.7 பெட்ரோல் எஞ்சின் தன் 245 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் தருகிறது. 2016இல் வந்த 2.8 ஜிடி-6 டீசலோ, தானியங்கி கியர் உள்ள வண்டியில், 450ஐ 1,600 முதல் 2,400 சுற்றுக்குள்ளேயே தந்துவிடுகிறது. அதன் உச்சத் திறனும் 3,400 சுற்றோடு சரி. 265/70 ஆர்16 டயர் 120 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 820 முறை சுழலும். மேல்கியர் 0.85 என்று வைத்துக்கொண்டால், 3.91 மடங்கில் எஞ்சின் சுமார் 2,720 சுற்றில் ஓடும், 4.56 மடங்கில் 3,180ஐத் தொடும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது இயல்பான நடை. டீசலுக்கோ, சிக்கனமான இடத்தை விட்டு எல்லைக்கு அருகே நெடுஞ்சாலை முழுதும் ஓட வேண்டிய நிலை.

பெட்ரோல் வண்டிக்கு மடங்கைக் கூட்ட இந்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலையில் கடல் மட்டத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் மேட்டுநிலத்துக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைந்து, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடுகிறது; டர்போ டீசல் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்கிறது. டர்பனில் கச்சிதமாக இருந்த மடங்கு, லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய் மலைப்பாதையின் மேல் வளைவுகளில் போதாமல் போவது இதனால்தான்.

டீசலுக்குக் குறைந்த மடங்கைப் பரிந்துரைப்பதில் பற்சக்கரங்களின் உறுதியும் அடங்கியிருக்கிறது. எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பெரிய பற்சக்கரத்தின் அளவு மாறாதபோது, மடங்கு கூடக் கூடச் சிறிய பற்சக்கரம் இன்னும் சிறியதாகி, எந்நேரமும் பற்றிக்கொண்டிருக்கும் பற்பரப்பும் குறைகிறது. அடிச்சுற்றிலேயே பெருவிசை தரும் எஞ்சினை அதன் மேல் ஏற்றி, கோசி வளைகுடா மணலில் புதைந்த வண்டியை உந்தினால், முதலில் உடைவது அந்தப் பற்களாகவே இருக்கும்.

அச்சுக்கு மாற்றாகக் குழுவில் அக்கா ஒருவர் சொன்ன ‘இருசு’ அழகான சொல்தான். ஆயினும் இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் அதைக் கேட்டவர் அரிது. மிகைச் சுமையால் வண்டி ‘அச்சிறும்’ என்று 475ஆம் குறள் சொல்வதால், ‘அச்சு’க்கு நம்மிடம் போதுமான உரிமை இருக்கிறது.

‘மடங்கு’ என்று வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதி, பெருக்கல் தானாகவே அமைந்துவிடுவது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஐந்துகியர் வண்டியில் முதல் கியர் 3.69 மடங்கு, துணைப்பெட்டியின் (கியர்பெட்டிக்கு அடுத்து இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) தாழ்நிலை 3.32 மடங்கு, அச்சு 3.54 மடங்கு, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 43. பாறைகளின் மேல் ஊர்ந்து செல்லும் வலுவைக் காட்டும் இந்த எண்ணை ‘ஊர்வு மடங்கு’ எனலாம். டீசல் வண்டி குறைந்த அச்சு மடங்கோடும் தடுமாறாமல் ஏற, துணைப்பெட்டி அங்கே கைகொடுக்கிறது.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஒரே மடங்கு இருக்க வேண்டும் என்பதை விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். டிஃப் என்பதற்கு இப்போதைக்குத் தமிழ் தேட வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் பேசலாம்.