மொரிஸ் மைனர் லைட்டுகளுக்கு உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கல்லடியில் அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 காரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். உப்புக்காற்றில் 7 அங்குல முன் லைட்டுகளின் பின்கிண்ணம் விரல் பட்டாலே உதிர்கிறது. குரோம் வளையம் மட்டும் தேய்க்கத் தேய்க்க மினுங்குகிறது, அவ்வளவு நல்ல சாமான்.

சீல்ட் பீமுக்கு (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய லைட்) பதிலாக எச்4 ஹலஜன் பல்ப் போடலாம், ஆனால் கரண்ட் தரும் பழைய டைனமோ 22 ஆம்பியர்தான் தரும். எல்ஈடி என்றால் கரண்ட் மிச்சம். காரோ பொசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் இணைந்திருக்கிறது. சாதாரண எல்ஈடி பல்ப் எரியாது, சிக்னலை மினுக்கும் பழைய பிளாஷரில் எல்ஈடி சிக்னலும் ஒழுங்காக அடிக்காது.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் இருந்தால் டைனமோவுக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த வேலை தெரிந்த எலக்ட்ரீசியன் யார்? கிண்ணம் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்குமா? எதைப் போட்டாலும் அந்த வட்ட முகம் மாறக்கூடாது.