மதுரையில் ஒரு நாள் முழுக்கக் கடைவீதியும் சாப்பாடும்: அம்மா, பிள்ளைகளோடு எப்படிச் சுற்றலாம்?

கோவைக்காரி எழுதியது:

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் மதுரைக்கு வருகிறோம். நான், வீட்டுக்காரர், 12 வயது மகள், 7 வயது மகன், கூடவே அம்மா. அம்மாவுக்கு 68 வயது. மூட்டுவலி இருக்கிறது, ஆனால் கடைவீதியைப் பார்த்தால் வலியெல்லாம் மறந்துவிடும். முதல் நாள் மீனாட்சி கோயில், மூன்றாம் நாள் அழகர்கோயில் என்று முடிவாகிவிட்டது. நடு நாளை எதற்கும் ஓடாமல், சும்மா சுற்றவும் சாப்பிடவும் மட்டும் விட்டு வைத்திருக்கிறோம். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்குகிறோம், ரயிலில் வருவதால் கார் கிடையாது.

அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை, அதாவது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிச் சேலை, வாங்க வேண்டும். பாட்டி வாங்கிக் கொடுத்த அரக்கு நிறச் சுங்குடி ஒன்றைக் கிழியும் வரை கட்டினார், அந்த மாதிரி. போன தடவை ஒரு கடையில் கையால் முடிச்சுப் போட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், வீட்டில் விரித்துப் பார்த்தால் வெறும் அச்சு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மடித்து வைத்துவிட்டார், எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மகளுக்குப் பாவாடை தைக்கவும் வேண்டும், கோயிலுக்கு எதிரே தையல்காரர்கள் இருந்த புதுமண்டபத்துக்குப் போனால் போதுமா? அம்மா மட்டும் சைவம், நாங்கள் எல்லாம் சாப்பிடுவோம்.

வடக்குமாசி எழுதியது:

வாங்க அக்கா. முதலில் ஒன்று, கடைகளைத் தேடிப் புதுமண்டபத்துக்குள் போகாதீர்கள். அங்கே இருந்த தையல்காரர்கள், புத்தகக்கடை, பாத்திரக்கடை, வளையல்கடை எல்லாம் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில் வருகிறவர்கள் கிழக்குக் கோபுரத்து முன்னால் நின்று முழிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பாவாடைக்குக் காலையில் முதல் வேலையாக அளவு கொடுத்துவிடுங்கள், சாயங்காலம் கிடைக்குமா என்று பேசிக்கொண்டே கொடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அன்றைக்கே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் தங்கும் வீதியில் இருந்தே பிள்ளைகளுக்குக் கதையை ஆரம்பிக்கலாம். 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார், அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம். மாரட் நில அளவைக்காரர், பெருமாள் கூடவே வேலை பார்த்த மேஸ்திரி. ஒரு மேஸ்திரி பேரில் நாலு பக்கமும் வீதி இருப்பது வேறு எந்த ஊரில் என்று எனக்குத் தெரிந்து இல்லை, எனக்கு அதில் பெருமை உண்டு. அங்கிருந்து உள்ளே நடக்க நடக்க மாசி, ஆவணி மூலம், சித்திரை, மதிலுக்குள் ஆடி என்று தமிழ் மாதப் பெயராக வரும். பையனை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள், நடக்கிற அலுப்பே தெரியாது.

காலைச் சாப்பாட்டுக்கு மேலமாசி வீதி முருகன் இட்லி கடை போதும், பொங்கலும் நன்றாக இருக்கும். மதியம் 1 மணிக்கு மேல் கண்டிப்பாக அறைக்குத் திரும்பி அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் அத்தையை ஒரு நாள் முழுக்க நடக்க வைத்து மறுநாள் படியேற முடியாமல் செய்துவிட்டோம். 4 மணிக்கு மறுபடி கிளம்பினால் ஊர் இன்னும் அழகாக இருக்கும். ராத்திரிக்கு நீங்கள் சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை சாப்பிடுங்கள். அடியில் தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே கொத்துக்கறி, எல்லாம் சேர்ந்து ஒரு விரல் கனம் இருக்கும், ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். அம்மாவுக்கு அதற்கு முன்னாலேயே டிபன் வாங்கிக் கொடுத்து அறையில் விட்டுவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார்.

நூல்முடிச்சு எழுதியது:

சேலை பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் தொழில். இப்போது கடையில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டதோ மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதோதான். அதுவும் நல்ல பருத்திதான், விலையும் குறைவு, தினம் கட்ட அருமையாக இருக்கும். அதை முடிச்சுச் சேலை என்று சொல்லி விற்பதுதான் தப்பு, உங்களுக்கு நடந்ததைப் படித்ததும் எனக்கே கோபம் வந்தது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முடிச்சுப் போடுகிறவர் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றி இறுக்குவார், சுற்றின இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஆகவே ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்கவே இருக்காது, ஒன்று வட்டமாக, ஒன்று கொஞ்சம் சதுரமாக, பாதிக்கு மேல் நடுவில் ஒரு பொட்டுச் சாயமும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள், புள்ளிக்குப் புள்ளி சின்ன மேடு தட்டுப்படும். இஸ்திரி போட்டால் போய்விடும், அதனால் இஸ்திரி போட்ட சேலையாகக் காட்டினால் இன்னும் உஷாராகப் பாருங்கள். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே வரிசை, தடவினால் வழவழவென்று இருக்கும்.

திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், சுங்குடியை வளர்த்தவர்கள் அவர்கள்தான். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே போங்கள். முடிச்சுச் சேலை விலை கூடத்தான் இருக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, அதைப் போடுகிற பெண்களுக்குக் கிடைக்கும் கூலி ரொம்பக் குறைவு, போடத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே அதில் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு தடவை கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப் போடுங்கள்.

பருத்திப்பால்பிரியன் எழுதியது:

மஹால் பக்கம் போனால் உள்ளேயும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். 1636ல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்பார்கள், அதற்கே தூண்கள் பையனை வாய்பிளக்க வைத்துவிடும். அப்புறம் சாயங்காலம் அந்தத் தெருக்களில் முள்முருங்கை வடை, பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, அரிசிமாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது, மேலே தேங்காய்த் துருவல். மார்கழிக் குளிரில் ஜிகர்தண்டாவைவிட அம்மாவுக்கு இதுதான் இதம்.

ஜிகர்தண்டா பிள்ளைகளுக்கு விளக்குத்தூண் பக்கம் வாங்கிக் கொடுங்கள். சுண்டின பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்க்ரீம். கலக்காமல் அடியிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். மல்லிகைப்பூ மட்டும் அந்த மாதம் விலை எகிறும், பனியில் வரத்து குறைந்துவிடும். பகலில் மொட்டாகப் பார்த்து ஒரு முழம் வாங்கினால் சாயங்காலம் விரிந்துவிடும். ஐயப்பன் சீசன் என்பதால் சித்திரை வீதிகளில் கூட்டம் நெரியும், பையன் கையை விட்டுவிடாதீர்கள்.

கோவைக்காரி எழுதியது:

போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. பாவாடைக்கு 10 மணிக்கு அளவு கொடுத்தோம், 6 மணிக்குக் கைக்கு வந்துவிட்டது. மதியம் அம்மா இரண்டு மணி நேரம் தூங்கினார், அந்த யோசனைக்காகவே வடக்குமாசி தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கறி தோசையை என் வீட்டுக்காரர் தனியாகவே முடித்துவிட்டார்.

சேலை கிடைத்தது. மஹால் பின்பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் விசாரித்தபோது அந்த வீட்டுக்காரப் பெண் உள்ளே கூட்டிப் போய், முடிச்சு அவிழ்க்காத ஒன்றை எடுத்தார். சுருங்கிக் கிடந்தது, கையில் பிடித்தால் முள் முள்ளாகக் குத்தியது. ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார், படபடவென்று நூலெல்லாம் தெறித்து விழ அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் திறந்துகொண்டே வந்தன. பையன் தரையில் உட்கார்ந்து நூலைப் பொறுக்கினான். பேரம் பேசவில்லை. அம்மா இன்னும் அதை இஸ்திரி போட விடவில்லை.