கோயில் செட்டில் போட்டுப் பார்க்கப் புதிய ரெகே, டான்ஸ்ஹால் எது நன்றாக இருக்கும்?

பாலக்கோடு ஒலிக்காரர்:

வணக்கம். பாலக்கோட்டுப் பக்கம் ஒலி-ஒளி அமைப்பு வைத்திருக்கிறேன். மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் செட் போகும். பழைய கூம்புக் குழாய்கள் இன்னும் கடைச் சுவரில் தொங்குகின்றன. போலீஸ் கெடுபிடி வந்தபிறகு அவற்றைக் கட்டுவதில்லை. ஆடி மாதம் கொஞ்சம் காசு பார்த்ததும் 18 அங்குல சப்-ஊஃபர் வாங்கி, தச்சரை வைத்துப் புதுப் பெட்டிகள் அடித்தேன்.

செட்டை இறக்கிக் கட்டியதும் சாமி பாட்டுக்கு முன்னால் எதையாவது போட்டுப் பெட்டியைக் கேட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் இதற்கென்றே யூடியூபில் கிடக்கும் உறுமல் சத்தத்தைப் போடுவார்கள். பெட்டி உதறுகிறதா இல்லையா என்பதை அது சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நான் போடுவது ஜமைக்கா நாட்டு இசையான ரெகே. பெங்களூரில் ஒரு செட்டுக்காரர் பாப் மார்லி பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுவேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் பையன், “அண்ணா, அந்த ஊரில் இவரை விட்டால் வேறு ஆளே பாடவில்லையா?” என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி.

அண்மையில் வந்தவற்றில் நல்லது சொல்லுங்கள். எனக்கு இரண்டு நிபந்தனைகள். அடிநாதம் கொடுக்கும் பாஸ் கிடாரை மனிதர் வாசித்திருக்க வேண்டும், பொத்தானை அமுக்கி எடுத்த பாஸ் வேண்டாம். வரிகள் கோயில் வாசலில் போடும்படி இருக்க வேண்டும். ஊருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். பாதிப் பேர் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறார்கள். டான்ஸ்ஹால் என்பது ரெகேயிலிருந்து எங்கே பிரிகிறது என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

சிப்காட் இரவுப்பணி:

அண்ணா, ஓசூரிலிருந்து எழுதுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது நான் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

முதலில் ஜமைக்காப் பாடகர் குரோனிக்ஸ். ‘எக்ஸைல்’ என்ற ஆல்பத்தை 2025 அக்டோபர் 10 அன்று, தன் பிறந்த நாளில் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆல்பமான ‘குரோனாலஜி’ வந்தது 2017-இல். எட்டு ஆண்டு ஆளையே காணாமல் திடீரென்று இப்படி ஒன்றைக் கொடுத்தால் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. தயாரித்தவர் லண்டனைச் சேர்ந்த இன்ஃப்லோ. ரெகேக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது, ஆனாலும் பழைய ஜமைக்கா ஒலிப்பதிவின் பதம் அவருக்குப் பிடிபட்டிருக்கிறது. முதல் தடவை கேட்கும்போது “என்ன இது, இவ்வளவு அடக்கமாக இருக்கிறது” என்று தோன்றும். இயர்போனைக் கழற்றிவிட்டு நல்ல பெட்டியில் கேளுங்கள். கீழே நடப்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இருந்தாலும் உங்கள் வேலைக்கு நான் முதலில் ஏற்றச் சொல்வது ஹோரஸ் ஆண்டி. 1951-இல் பிறந்தவர். 2022-இல் ‘மிட்நைட் ராக்கர்’ வந்தபோது எழுபதைத் தாண்டிவிட்டார், குரலில் அந்த நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. தயாரித்தவர் ஏட்ரியன் ஷெர்வுட். அதே ஆண்டு அதே பாட்டுகளைப் பிரித்துப் போட்டு, எதிரொலி சேர்த்து ‘மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்’ என்று இன்னொன்றையும் வெளியிட்டார்கள். இரண்டும் இருக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். ரெகேயின் அடிப்படைத் தாளத்தில் நான்கு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் பாஸ் டிரம் விழாது, மூன்றில்தான் விழும். கிடார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். பாஸ் கிடாரும் பல பாட்டுகளில் முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடைவெளி இருக்கிறது அல்லவா? அந்த இடைவெளியில் உங்கள் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முந்தைய சுரம் அங்கேயும் ஊ என்று இழுத்துக்கொண்டிருந்தால் பெட்டியில் கோளாறு, அல்லது ஆம்ப்ளிஃபையர் தள்ளுவது போதவில்லை. பாஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் ஸ்பீக்கரின் கூம்பு சரியாக வந்து நிற்கிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. யூடியூப் உறுமலில் இடைவெளியே கிடையாது, அதனால்தான் எல்லாப் பெட்டியும் அதில் தேறிவிடுகிறது.

குரலே வேண்டாம் என்றால் ஹாலி குக்கின் ‘ஹேப்பி ஹவர் இன் டப்’, 2023. லண்டன் பாடகி. வரிகளும் துண்டு துண்டாகத்தான் வரும் என்பதால் பூசாரிக்கும் பிரச்சினை இல்லை.

இந்த டப் சமாச்சாரத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கிங் டப்பி. ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனில் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோ பழுது பார்த்தவர், ஆம்ப்ளிஃபையர்களைத் தன் கையாலேயே செய்தவர், சொந்தமாகச் செட்டும் வைத்திருந்தார். அதாவது உங்கள் சாதி அண்ணா. பதிவான பாட்டை மிக்சரில் போட்டு, குரலை இறக்கி, பாஸையும் டிரம்மையும் மட்டும் விட்டு, நடுவில் ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்க விடுவார். மிக்சரையே வாத்தியமாக்கிய ஆள். 1989-இல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இனி டான்ஸ்ஹால். எழுபதுகளின் கடைசியில் செட்டுக்காரர்கள் பாட்டின் குரலில்லாத பக்கத்தை ஓட விட, அதன் மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசுவார். ஆட்டம் நடந்த இடத்தின் பெயரே இசைக்கும் வந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் இயந்திரத் தாளம் வந்தபிறகு வேகமும் சுபாவமும் மாறிவிட்டன. இன்றைய டான்ஸ்ஹால் பெரும்பாலும் அமெரிக்க ராப்பில் ஒரு வகையான ட்ராப் பக்கம் சாய்ந்துவிட்டது. பாஸ் முழுக்கப் பொத்தான். உங்கள் முதல் நிபந்தனை அங்கே செல்லாது, இரண்டாவது அதைவிட மோசமாகத் தோற்கும். டான்ஸ்ஹால் பாடகர் வைப்ஸ் கார்ட்டெல் 2011-இல் கைதாகிச் சிறையிலேயே இருந்தார். ஜமைக்கா வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2024 மார்ச்சில் தண்டனையை ரத்து செய்தது, ஜூலை 31 அன்று வெளியே வந்தார், அந்த ஆண்டின் கடைசி இரவில் கிங்ஸ்டன் தேசிய அரங்கத்தில் பாடினார். அவர் பாட்டு எழுதும் திறமை வேறு ஆளுக்கு வராது. அதைக் கோயில் வாசலில் போட்டீர்கள் என்றால் அடுத்த ஆண்டு செட் வேறு ஆளுக்குப் போகும்.

காவேரிப்பட்டணம் கீபோர்டு:

ஓசூர்த் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். பொத்தான் பாஸ் என்று இளக்காரமாகச் சொன்னதை மட்டும் நான் விடப் போவதில்லை. நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துச் சாப்பிட்டவன்.

டான்ஸ்ஹாலை மாற்றிய இயந்திரத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேசியோவிலிருந்து. நம் ஊரில் எந்தக் கம்பெனிக் கீபோர்டையும் கேசியோ என்றே சொல்வோம். இது உண்மையான கேசியோ, எம்.டி.-40. 1981-இல் வந்த சின்னப் பெட்டி. அதில் ‘ராக்’ என்ற தயார்த் தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். கல்லூரியில் ரெகேயைப் பற்றியே ஆய்வு எழுதிவிட்டு கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். 1985-இல் வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் அவர் நண்பரும் அந்தப் பொத்தானைத் தட்டப்போக, கிங் டப்பியிடம் தொழில் பழகிய ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தார். ஸ்லெங் டெங் என்று பெயர். பாஸ் வாசிக்க ஆளே இல்லாத அந்தத் தாளத்துக்குத்தான் கிங்ஸ்டன் செட்டுகள் எல்லாம் அதிர்ந்தன. அதன் மேல் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள்.

அங்கே வழக்கமே அதுதான். நம் கும்மியில் ஒரே மெட்டுக்கு ஒவ்வொரு ஊரும் தன் வரிகளைப் போட்டுக்கொள்வது போல, ஒரே தாளத்தை இருபது பாடகர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரிடிம் என்பார்கள். லெங்கி மார்ஸ்டன் என்பவர் கைதட்டலை வைத்துச் செய்த ஒரு ரிடிமின் பெயரே ‘தீவாளி’. ஷான் பாலும் வெய்ன் வொண்டரும் அதன் மேல்தான் பாடினார்கள். ஷான் பாலின் பாட்டு 2003-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. புதிது இல்லை என்று தெரியும். திருவிழாவில் போட்டுப் பாருங்கள், கை தானாகத் தட்டும்.

புதியவற்றில் மசிக்காவின் ‘ஜெனரேஷன் ஆஃப் கிங்ஸ்’, 2023 டிசம்பர். பாஸ் பொத்தான்தான், ஆனால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும்படி கலந்திருக்கிறார்கள். 2024-இல் ஷென்சியா கொடுத்த ‘நெவர் கெட்ஸ் லேட் ஹியர்’ கல்யாண வீட்டுக்கு ஒத்துவரும், பாட்டைப் பொறுக்கி எடுத்தால். ஷான் பாலின் 2022 ஆல்பம் எனக்குச் சப்பென்று இருந்தது. பெயர் கூடச் சொல்ல வேண்டாம்.

பாலக்கோடு ஒலிக்காரர்:

இருவருக்கும் நன்றி. நேற்று மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் செட். மாலை நான்கு மணிக்கே கட்டிவிட்டு ஹோரஸ் ஆண்டியைப் போட்டேன். இடது பக்கப் பெட்டிகள் சுத்தம். வலது பக்கம் தம்பி சொன்ன அதே இழுவை, டிரம் நின்றபிறகும் ஓர் ஊதல் தொங்கிக்கொண்டிருந்தது. பையனைப் பின்னால் போய்க் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கப் பிளைவுட் பலகையில் கீழ்மூலை திருகு லூசாகி, பலகை தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பசை போட்டு முடுக்கியதும் அடங்கிவிட்டது. மார்லி ஓடிய நாளெல்லாம் இது இருந்திருக்கும் போல. பழகிய பாட்டு என்பதால் காது அதைத் தள்ளிவிட்டுக் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. கரகத்துக்கு வந்த பம்பைக்காரர்கள் வேப்பமரத்தடியில் தோலைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூத்தவர் எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தவர், “முதல் அடியைத் தின்றுவிட்டு வாசிக்கிறானே, யார் இவன்?” என்றார். ஜமைக்கா என்றேன். “எந்தத் தாலுக்கா?” என்றார். வேடிக்கைக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லி, பம்பையை மாட்டிக்கொண்டு அந்த வெற்றிடத்தில் மட்டும் ஒரு தட்டுத் தட்டினார். பையன் செல்போனை எடுப்பதற்குள் நிறுத்திவிட்டார்.

கீபோர்டு ஐயா, உங்கள் மசிக்காவையும் போட்டேன். சத்தம் சுத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். வரிகளைக் கேட்டதும் பையனே ஓடிப் போய் ஒலியைக் குறைத்துவிட்டான்.

அரூர்க்காரி:

ஆண்கள் மூன்று பேர் கூடிப் பட்டியல் போட்டால் இப்படித்தான் இருக்கும். ஹாலி குக்கைச் சொன்னீர்கள், அதிலும் அவர் குரலை வெட்டி எறிந்த ஆல்பத்தை. ஷென்சியாவைச் சொன்னீர்கள், பொறுக்கி எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

இந்தப் பத்தாண்டில் ரெகேயில் நடந்த நல்ல காரியங்களில் பாதி பெண்கள் செய்தது. 2020-இல் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கிய காஃபிக்கு அப்போது வயது 19. அந்த விருதைத் தனியாக வாங்கிய முதல் பெண் அவர்தான். 2022-இல் வந்த ‘கிஃப்டட்’ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நீட்டி முழக்குவதே இல்லை. வரிகளில் நன்றியும் கடவுளும் நிறைய, கோயில் வாசலுக்குக் கூசாமல் போடலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தவர் லீலா ஐக்கே. ஜமைக்காவின் மலைப்பகுதியான மான்செஸ்டரிலிருந்து வந்தவர். 2020-இல் ஒரு சிறிய ஆல்பம் கொடுத்துவிட்டு, முழு ஆல்பத்துக்கு 2025 வரை காக்க வைத்தார். ‘ட்ரெஷர் செல்ஃப் லவ்’. கார்ட்டெலின் ஆல்பத்தோடு சேர்ந்து இதுவும் 2026 கிராமிப் பரிந்துரையில் இருந்தது. கார்ட்டெலைப் பற்றி ஒரு பத்தி எழுதியவருக்கு இது கண்ணில் படவில்லை! நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்குக் கை வைக்கிற நேரத்தில் வேகமான பாட்டு ஓடினால் கால் மோட்டாரை மிதித்துவிடும், துணி சுருக்கிக்கொள்ளும். இவர் பாட்டில் அந்தப் பயம் இல்லை. குரல் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால்தான் வரும், அவசரமே படாது. சில பாட்டுகள் ரெகேயை விட்டு நகர்ந்து அமெரிக்க மெல்லிசைப் பக்கம் போய்விடுகின்றன. அவற்றை நான் தாண்டிவிடுவேன்.

அண்ணா, காதுகுத்து வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் உட்கார்ந்து பேசும் நேரத்தில் இதைக் குறைந்த ஒலியில் விடுங்கள். யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

பாலக்கோடு ஒலிக்காரர்:

ஏற்றிவிட்டேன் அம்மா. வரும் வாரம் பென்னாகரத்தில் காதுகுத்து இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி கூடாது என்பதால் இருட்டிலேயே கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தப் பரிந்துரைப் பட்டியலைத் தேடியபோது மார்ட்டிமர் என்று ஒரு பெயரைப் பார்த்தேன். எப்படி?

சிப்காட் இரவுப்பணி:

‘ஃப்ரம் விதின்’, 2024. தயாரித்தவர் விண்டா ஜேம்ஸ். பாஸை மனிதர் வாசித்த சுகம் இருக்கிறது, உங்கள் நிபந்தனைக்கு நேர்ப் பொருத்தம். குரல் மிக மேலே போகும், சில இடங்களில் கிட்டத்தட்டப் பெண் குரல். மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கீச்சிடுகிறதா என்று பார்க்க அதையே வைத்துக்கொள்ளலாம். அரூர் அக்கா, லீலா ஐக்கேயை இரண்டாவது பதிலில் எழுதலாம் என்று இருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அண்ணா, அந்தப் பம்பைக்காரர் எந்த ஊர், திருவிழா இல்லாத நாளில் எங்கே பார்க்கலாம்?